கேட்கத் தெரிந்தவர் யார்? நோயாளி அனுபவத் தலைமைக்கான அறிவுத் தரம் குறித்து

1. கேள்வி

2007-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லேண்ட் கிளினிக், பிரிட்ஜெட் டஃபி என்ற மருத்துவரைத் தலைமை அனுபவ அலுவலராக நியமித்தது. பெரிய மருத்துவமனை ஒன்றின் உயர் நிர்வாகத்தில் இப்படியொரு பதவி உருவானது அதுவே முதல் முறை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டாண்டுகள் கழித்து ஜேம்ஸ் மெர்லினோ என்ற அறுவை மருத்துவர் அப்பொறுப்புக்கு வந்தார். பிற மருத்துவமனைகளும் இதைப் பின்பற்றின. மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தேர்வு உண்டு. மாத்திரை எடுத்துத் தரும் மருந்தாளுநருக்கும் பதிவு உண்டு. ஆனால் படுக்கையில் கிடப்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதற்கு நிறுவனத்தின் சார்பில் பொறுப்பேற்பவர் என்ன படித்திருக்க வேண்டும், எதில் தேர்ந்திருக்க வேண்டும் என்பது அன்று எங்கும் வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. செவிலியர், மருத்துவர், மக்கள் தொடர்பு அலுவலர், மனிதவள மேலாளர் எனப் பலரும் இந்தப் பணிக்கு வந்தார்கள். ஹோட்டல் தொழிலின் செல்வாக்கும் கூடவே வந்தது. மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு குழுமம் 2009-இல் திறந்த வெஸ்ட் புளூம்ஃபீல்டு மருத்துவமனையின் தலைமைக்கு, ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல் நிர்வாகத்தில் இருந்தவரையே அழைத்து வந்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் இந்த வெற்றிடத்தை நிரப்ப அறிவுத்தொகுப்பு, பாடத்திட்டம், சான்றிதழ்த் தேர்வு என்று ஒரு கட்டமைப்பு எழுந்தது. அந்தக் கட்டமைப்பை மூன்று கேள்விகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அதை எழுதியவர் யார்? எதை அறிவென்று அது ஏற்கிறது? எதைச் சோதிக்கிறது? இத்தகைய தரம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்றுள்ள தரம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் பணிகளிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. ஆகவே மருத்துவமனை தன்னைத் தானே எப்படி அளந்துகொள்வது என்பதை அது நன்றாகக் கற்பிக்கிறது. நோயாளியின் சொல்லை ஆபத்தின் சான்றாக வாசித்து, முடிவெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறனுக்கு ஓரத்தில்தான் இடம் தருகிறது. அந்தத் திறனை நடுவில் வைத்துத் தரத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்பதே என் வாதம்.

2. இரு ஊற்றுகள்

நோயாளி அனுபவம் என்ற துறைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது உரிமை இயக்கம். 1972-இல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை நோயாளிகளின் உரிமைகளை எழுத்தில் வெளியிட்டது. 1973-இல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் நோயாளி உரிமைச் சாசனத்தை ஏற்றது. 1980-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரி, நோயாளிகளுக்காக வாதாடுவோருக்கு முதுகலைப் படிப்பு தொடங்கியது. 1986-இல் ஹார்வி பிக்கரும் அவர் மனைவி ஜீன் பிக்கரும் தொடங்கிய நிறுவனம் இந்த மரபுக்கு ஆய்வு வலிமை சேர்த்தது. அதன் ஆய்வுகளின் விளைவாக 1993-இல் வெளிவந்த ‘த்ரூ தி பேஷண்ட்ஸ் ஐஸ்’ என்ற நூல், கேள்வி கேட்கும் முறையையே மாற்றியது. திருப்தியா என்று கேட்டால் வரும் பதிலில் எதிர்பார்ப்பும் நன்றியுணர்வும் அச்சமும் கலந்திருக்கும். வீட்டுக்குப் போனபின் எந்த அறிகுறியைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டால், நடந்ததும் நடக்காததும் தெரிந்துவிடும். 2001-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் தரமான சிகிச்சைக்கு வகுத்த ஆறு இலக்குகளில் நோயாளியை மையப்படுத்துவதும் ஒன்றானது, இந்த மரபுக்குக் கிடைத்த அங்கீகாரம்.

இரண்டாவது ஊற்று பணம். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டை நடத்தும் மத்திய அமைப்பு, உள்நோயாளிகளிடம் ஒரே சீராகக் கேட்க ஒரு வினாத்தாளை உருவாக்கியது. எச்-கேப்ஸ் என்று அழைக்கப்படும் இந்தச் சர்வே 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2008 மார்ச் முதல் ஒவ்வொரு மருத்துவமனையின் மதிப்பெண்ணும் பொதுவில் வெளியானது. 2012 அக்டோபரில், மெடிகேர் மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையில் 1 விழுக்காட்டைப் பிடித்துவைத்து, மதிப்பெண்ணுக்கேற்பத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. அந்தப் பிடித்தம் 2017 நிதியாண்டுக்குள் 2 விழுக்காடானது. முதலாண்டில் மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு நோயாளி அனுபவத்துக்கு ஒதுக்கப்பட்டது. அனுபவ அலுவலர்களை மருத்துவமனைகள் வேகமாக நியமித்ததும் இதே காலத்தில்தான். உரிமைக்காகப் பேசியவர்களின் சொற்கள் இந்தப் பதவிக்குப் பெயர் கொடுத்தன; வருவாயைக் காக்கும் அவசரம் சம்பளம் கொடுத்தது. பின்னால் எழுதப்பட்ட அறிவுத் தரத்தில் இந்த இரண்டின் தடமும் உண்டு. எந்தத் தடம் ஆழமாகப் பதிந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

3. தரம் எழுதப்பட்ட விதம்

இந்தத் துறையை ஒருங்கிணைத்ததில் பெரும்பங்கு பெரில் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்புக்கு உண்டு. ஜேசன் வுல்ஃப் தலைமையில் அது 2010-இல் ஒரு வரையறையை முன்வைத்தது. நிறுவனத்தின் பண்பாட்டால் உருப்பெற்று, சிகிச்சையின் தொடக்கம் முதல் முடிவு வரை நோயாளியின் உணர்வைப் பாதிக்கும் எல்லா ஊடாட்டங்களின் தொகையே நோயாளி அனுபவம் என்பது அதன் சாரம். தொடர்ந்து, களத்தில் பணியாற்றுவோரைக் கலந்து ஓர் அறிவுத்தொகுப்பு உருவானது. அளவீடு, பண்பாட்டு மாற்றம், ஊழியர் ஈடுபாடு, குறை நேர்ந்தபின் சரிசெய்தல், நோயாளியையும் குடும்பத்தையும் மையப்படுத்தல் போன்ற களங்கள் அதில் வகுக்கப்பட்டன. 2014-இல் ‘பேஷண்ட் எக்ஸ்பீரியன்ஸ் ஜர்னல்’ என்ற ஆய்விதழ் தொடங்கப்பட்டது. பெரிலின் சகோதர அமைப்பான பேஷண்ட் எக்ஸ்பீரியன்ஸ் இன்ஸ்டிட்யூட் 2015 டிசம்பரில் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தியது. தேர்வின் பாடப்பரப்பு நான்கு: பங்கேற்பும் பரிந்துபேசலும், அளவீடும் பகுப்பாய்வும், வடிவமைப்பும் புத்தாக்கமும், நிறுவனப் பண்பாடும் தலைமையும். தேர்வு பலவிடைத் தெரிவு முறையில் நடக்கிறது. பெற்ற சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்.

இதன் பயனை மதித்தே ஆக வேண்டும். பெயர் மட்டும் இருந்த ஒரு வேலைக்குப் பொதுவான மொழியை இது தந்தது. ஒரு மருத்துவமனையில் கற்றது இன்னொன்றுக்குப் போக வழி பிறந்தது. புன்னகைப் பயிற்சியோடு முடிந்துபோயிருக்கக்கூடிய துறைக்குப் பரிந்துபேசலும் கடமையே என்று எழுதிவைத்தது. ஆயினும் இத்தகைய தேர்வுகள் தயாராகும் முறையில் ஒரு வரம்பு உண்டு. தொழில்முறைச் சான்றிதழ்கள் வழக்கமாகப் பணிப் பகுப்பாய்வில் தொடங்குகின்றன: அந்த வேலையில் இருப்பவர்களிடம், என்ன செய்கிறீர்கள், எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள், அது எவ்வளவு முக்கியம் என்று கேட்டு, அதற்கேற்பக் கேள்விகளுக்கு எடை போடுவார்கள். கணக்காளர், ஆய்வகப் பணியாளர் போன்ற முதிர்ந்த தொழில்களுக்கு இது பொருந்தும். அங்கே செய்வதும் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் ஒன்றே. நேற்று பிறந்த, சர்வே மதிப்பெண்ணின் அழுத்தத்தில் வளர்ந்த ஒரு பதவிக்கு இதே முறையைக் கையாண்டால், அழுத்தம் வடித்த வேலையே தரமாகிவிடுகிறது. மாதம் முழுவதும் சர்வே அறிக்கை தயாரிப்பவர் சர்வே அறிவே முக்கியம் என்பார். அவர் சொல்வது பொய்யுமல்ல. ஆனால் அவர் செய்யாத வேலை, செய்ய அனுமதிக்கப்படாத வேலை, அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு வழியே இல்லை.

4. சர்வேயின் உள்ளே

அளவீட்டு அறிவு அவசியம் என்பதை எச்-கேப்ஸ் வினாத்தாளின் ஒரு கேள்வியே காட்டிவிடும். செவிலியர் உங்கள் பேச்சைக் கவனமாகக் கேட்டது எவ்வளவு அடிக்கடி என்று அது வினவுகிறது. ஒருபோதும் இல்லை, சிலசமயம், வழக்கமாக, எப்போதும் என்று நான்கு விடைகள். பொதுவில் பெரிதாக ஒப்பிடப்படுவது, ‘எப்போதும்’ என்று சொன்னவர்களின் விழுக்காடு. ‘வழக்கமாக’ என்று குறித்தவர் செவிலியரைப் பாராட்டியே சொல்லியிருக்கலாம். உச்ச மதிப்பெண் கணக்கில் அவர் விடுபட்டுப்போகிறார். இந்த ஒரு சொல்லை எட்டுவதற்காகத்தான், நோயாளியை முகமலர்ச்சியோடு எதிர்கொள், பெயர் சொல்லி அறிமுகமாகு, எவ்வளவு நேரமாகும் என்று கூறு, விளக்கு, நன்றி சொல் என்ற ஐந்துபடி உரையாடல் பயிற்சிகள் அமெரிக்க வார்டுகளில் பரவின. அவற்றில் நல்லதும் உண்டு. தன் பெயரைச் சொல்லாத மருத்துவரைவிடச் சொல்பவர் மேல்தான். ஆனால் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-இல் உணர்ச்சி உழைப்பு பற்றி எழுதியபோது எச்சரித்தது இங்கே அப்படியே நிகழ்கிறது. ஆள் பற்றாக்குறையால் எட்டு நோயாளிகளுக்கு நடுவே ஓடும் செவிலியரின் முகபாவம் நிறுவனத்தின் மதிப்பெண்ணாகிறது; ஆள் பற்றாக்குறை கேள்வித்தாளில் இடம்பெறுவதில்லை.

சர்வே யாரைக் கேட்கவில்லை என்பது இன்னும் முக்கியம். 18 வயதுக்குட்பட்டவர்கள், மனநோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்கள், பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள், மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் ஆகியோர் எச்-கேப்ஸ் கணக்கில் வருவதில்லை. நோயாளிக்குப் பதிலாக இன்னொருவர் விடையளிக்க நெடுங்காலம் அனுமதியில்லை. 2025 முதல்தான் அதற்கு வழி திறக்கப்பட்டது. ஒப்பீட்டுக்குச் சீரான மாதிரி தேவை என்பதால் இந்த விலக்குகளுக்கு முறையியல் காரணங்கள் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள்: மிகப் பலவீனமாகக் கிடந்தவரும், பேச முடியாதவரும், உயிரோடு வீடு திரும்பாதவரும் மதிப்பெண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். மருத்துவமனையின் மிக மோசமான தவறுகள் இவர்களுக்கே நேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சர்வேயைக் கணக்கிடத் தெரிவது அறிவின் ஒரு பாதி. அதில் இல்லாதவர்கள் யார், அவர்கள் சொல்லக்கூடியதை வேறு எங்கே தேடுவது என்று தெரிவது மறுபாதி. முதல் பாதியைப் பலவிடைத் தேர்வில் எளிதாகச் சோதித்துவிடலாம். இரண்டாவது பாதி அந்தத் தேர்வுக்குள் அடங்குவதில்லை.

5. ஸ்டாஃபோர்டு: தரத்துக்கு ஓர் உரைகல்

இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்டுஷையர் மருத்துவமனை அறக்கட்டளையில் 2005 தொடக்கம் முதல் 2009 மார்ச் வரை நடந்தவை, இந்தத் தொழிலுக்கு என்ன அறிவு வேண்டும் என்று சோதிக்கப் பொருத்தமான நிகழ்வு. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அழைப்பு மணியை அழுத்தியும் யாரும் வராதது, அழுக்கான விரிப்பிலேயே நெடுநேரம் கிடந்தது, கைக்கெட்டாத தூரத்தில் வைக்கப்பட்ட தண்ணீர், ஊட்டிவிட ஆளில்லாமல் அப்படியே திரும்பிப் போன சாப்பாட்டுத் தட்டு, அவசரப் பிரிவில் பயிற்சியில்லாதவர்கள் நோயாளிகளைத் தரம் பிரித்தது ஆகியவற்றையெல்லாம் குடும்பத்தினர் சாட்சியாகச் சொன்னார்கள். அந்த நிர்வாகம் 2006-07-இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிப்பதிலும், அறக்கட்டளைக்கு உயர்தகுதி பெறுவதிலும் குறியாக இருந்தது. 2008 பிப்ரவரியில் அந்தத் தகுதியும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, தகவல் இல்லாததால் இது நடக்கவில்லை என்பதுதான். இங்கிலாந்தில் 2002 முதல் தேசிய உள்நோயாளிச் சர்வே நடந்துவந்தது. பல கேள்விகளில் இந்த மருத்துவமனை நாட்டிலேயே மிகப் பின்தங்கிய ஐந்தில் ஒரு பங்கில் இருந்தது. புகார்க் கடிதங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பெற்றுப் பதில் எழுத அலுவலகமும் இருந்தது. ஆனால் புகாரின் உள்ளடக்கம் வாரியத்தை உரிய முறையில் எட்டவில்லை. நோயாளிகளின் சொல்லுக்கு வாரியம் போதிய அளவு காதுகொடுக்கவில்லை என்று அறிக்கை முடிவு செய்தது. வெளியிலிருந்து கேட்கும் அமைப்புகளும் அதே காலத்தில் பலவீனப்பட்டிருந்தன. 1974 முதல் இயங்கிய சமூக நலக் குழுக்கள் இங்கிலாந்தில் 2003-இல் கலைக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக வந்த மன்றங்களும் 2008-இல் கலைக்கப்பட்டு மீண்டும் மாற்றப்பட்டன. கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்களில், தம் உறவினரை இழந்து வீதியில் இறங்கிப் போராடிய சாதாரண மக்களுக்குப் பெரும்பங்குண்டு.

இப்போது இன்றைய அறிவுத் தரத்தை எடுத்து ஸ்டாஃபோர்டில் வைத்துப் பார்ப்போம். சான்றிதழ் பெற்ற ஓர் அனுபவ அலுவலர் அங்கே இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? சர்வேயை நன்றாக வரைபடமாக்கியிருப்பார். செவிலியர் ஊக்கம் பற்றிக் கருத்தரங்கு நடத்தியிருப்பார். புகாருக்குப் பணிவான பதில் எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பார். இந்தக் கடிதங்கள் எல்லாம் சேர்ந்து ஆட்குறைப்பின் விளைவைச் சொல்கின்றன, நோயாளிகள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று நிதிக் குறியில் இருந்த வாரியத்திடம் எழுதி நிறுத்தியிருப்பாரா? அதற்கான பயிற்சியும் கடமையும் பாதுகாப்பும் அவருக்கு இருந்தால்தான் அது நடக்கும். பண்பாட்டு மாற்றம் என்ற தலைப்பு மட்டும் இவற்றைத் தந்துவிடாது.

6. கடிதத்தை வாசிக்கும் கலை

புகாரைச் சான்றாக வாசிப்பது கற்றுக்கொள்ளத்தக்க திறன்தான் என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த அலெக்ஸ் கில்லஸ்பியும் டாம் ரீடரும் 2016-இல் மருத்துவப் புகார்களை ஆராய ஒரு கருவியை வெளியிட்டார்கள். ஒரு கடிதத்தில் உள்ள ஒவ்வொரு சிக்கலையும் சிகிச்சை, நிர்வாகம், உறவு என்ற மூன்று வகைகளில் அது பிரிக்கிறது. எவ்வளவு கடுமையானது, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது, என்ன தீங்கு விளைந்தது என்று குறித்துக்கொள்கிறது. பயிற்சி பெற்றவர்கள் இதை ஏற்கத்தக்க அளவு ஒத்திசைவோடு பயன்படுத்த முடியும் என்று சோதித்தும் காட்டினார்கள். 2018-இல் இங்கிலாந்தின் 56 மருத்துவமனைகளுக்கு வந்த 1,110 புகார்களை இதைக்கொண்டு ஆராய்ந்தபோது, மருத்துவமனையின் சொந்தக் கண்காணிப்புக்கு எளிதில் தென்படாத பகுதிகள் வெளிவந்தன. நோயாளி சேரும் நேரம், வீடு திரும்பும் நேரம், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட தவறுகள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. காரணம் எளிதில் விளங்கும். தவறான ஊசி போட்டால் பதிவேட்டில் தடம் இருக்கும். கொடுக்காமல் விட்ட தண்ணீருக்குத் தடம் இருக்காது. பல துறைகளையும் வார்டுகளையும் கடந்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூடவே இருந்தது நோயாளியும் குடும்பமும் மட்டுமே.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இரவு மூன்று முறை மணி அடித்தோம், யாரும் வரவில்லை, அம்மா எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்தாள், நான் பிடித்துக்கொண்டேன், மறுநாள் செவிலியரிடம் சொன்னபோது முகம் சுளித்தார் என்று மகள் எழுதுகிறாள். சேவைக் குறையைச் சரிசெய்யும் பயிற்சி பெற்றவர் இதில் முகச்சுளிப்பைத்தான் முதலில் பார்ப்பார். மன்னிப்புக் கடிதம் போகும், செவிலியருக்கு நடத்தைப் பயிற்சி கிடைக்கும், கோப்பு மூடப்படும். சான்றாக வாசிக்கத் தெரிந்தவர் அதில் நூலிழையில் தப்பிய ஒரு வீழ்ச்சியைப் பார்ப்பார். அந்த இரவு வார்டில் எத்தனை பேர் பணியில் இருந்தார்கள், இதே வார்டிலிருந்து இதே நேரத்தில் வேறு கடிதங்கள் உண்டா, வீழ்ச்சிப் பதிவேடு என்ன சொல்கிறது என்று தேடுவார். மகள் கையால் பிடித்ததால் அந்த வீழ்ச்சி பதிவேட்டில் இராது. அவள் கடிதத்தில் மட்டுமே இருக்கும். இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான தூரமே இத்தொழிலுக்குத் தேவைப்படும் அறிவு.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு தொழில்களின் சமூகவியலிலிருந்து வருகிறது. எலியட் ஃபிரைட்சன் 1970-இலும் மகாலி சர்ஃபாட்டி லார்சன் 1977-இலும் காட்டியபடி, ஒரு தொழில் தனக்கென அறிவை வரையறுத்துச் சான்றிதழ் வழங்கும்போது பொதுநலத்தோடு கூடவே வேலியும் போடுகிறது. ஆண்ட்ரூ அபட் 1988-இல் இதை, வேலைப் பரப்பின் மீது உரிமை கோரும் போட்டியாக விளக்கினார். நோயாளியைக் கண்ணியமாக நடத்துவது மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லாருடைய கடமை. அதற்கென்று ஒரு வல்லுநர் வந்தால் மற்றவர்கள் கைகழுவிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் எல்லாருக்கும் பொதுவான கடமையைத் தொடர்ந்து கண்காணிக்க ஒருவர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை ஸ்டாஃபோர்டு காட்டிவிட்டது. தொற்றுத் தடுப்பும் எல்லாருடைய கடமைதான். அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் இருப்பதால் மற்றவர்கள் கைகழுவுவதை நிறுத்திவிடவில்லை. ஆகவே தரத்தை வேலியாக்காமல் இருக்க வேண்டும்: பட்டம், கட்டணம் ஆகியவற்றால் வாசலை அடைக்காமல், வார்டு உதவியாளரும் நோயாளியாக இருந்து அனுபவம் பெற்றவரும் எட்டக்கூடிய அடிப்படைத் திறனாக அதை வகுக்க முடியும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: நோயாளியின் உணர்வை நம்பலாமா? 2012-இல் ஜோஷுவா ஃபென்டனும் சக ஆய்வாளர்களும் 51,946 அமெரிக்க வயதுவந்தோரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். மிக அதிகத் திருப்தி தெரிவித்த பிரிவினருக்கு, மிகக் குறைந்த திருப்தி தெரிவித்தவர்களைவிட மருத்துவச் செலவு 8.8 விழுக்காடும் இறக்கும் வாய்ப்பு 26 விழுக்காடும் கூடுதலாக இருந்ததாகக் கண்டார்கள். நோயாளி கேட்டதையெல்லாம் கொடுத்தால் கேடு விளையும் என்று இது வாசிக்கப்பட்டது. வலி குறைப்பு பற்றிய கேள்விகள் ஓபியாய்டு மருந்துகளை அளவுமீறிக் கொடுக்கத் தூண்டலாம் என்ற கவலையில் அந்த அளவை 2018 நிதியாண்டு முதல் பணக் கணக்கிலிருந்து நீக்கியதும் இதே அச்சத்தின் கிளைதான். மறுபுறம், 2013-இல் கேத்தல் டாயிலும் மற்றவர்களும் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நல்ல நோயாளி அனுபவம், பாதுகாப்பு, சிகிச்சைப் பயன் ஆகிய மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்பட்டன. இந்த முரண் தோன்றும் அளவு பெரிதல்ல. ஃபென்டனின் ஆய்வு, ஓராண்டில் மருத்துவர்களோடு பழகியது குறித்த பொதுத் திருப்தியைச் சார்ந்தது. அதோடு அது உடனிகழ்வைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. மிகவும் நோயுற்றவர்கள் தம்மைப் பார்த்துக்கொள்பவரோடு நெருங்கியிருப்பதும் ஒரு விளக்கமாகலாம். குறிப்பிட்ட சிகிச்சையில் குறிப்பிட்ட செயல் நடந்ததா என்ற கேள்விகள் வேறு வகைச் சான்று. இந்த வேறுபாட்டைப் புரிந்து, வாரியத்துக்கு விளக்கி, தவறான ஒப்பீட்டைத் தடுக்கத் தெரிந்தவர் தேவை என்பதால், இந்த மறுப்பே கூர்மையான அறிவுத் தரத்துக்கான வாதமாகிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு, நோயாளிகளைத் தரம் எழுத அழைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது, வருபவர்கள் எல்லாரையும் பிரதிநிதித்துவப்படுத்தமாட்டார்கள் என்பது. அனுபவ அலுவலர்களும் எல்லா நோயாளிகளையும் பிரதிநிதித்துவப்படுத்துவதில்லை. அந்த ஐயம் அவர்களைப் பற்றி மட்டும் ஏன் எழுவதில்லை என்று கேட்க வேண்டும். நோயாளிகளோடு சேர்ந்து வடிவமைக்கும் முறை ஏற்கெனவே சோதிக்கப்பட்டது. பால் பேட், கிளென் ராபர்ட் இருவரும் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையின் தலை-கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் இதைச் செய்து பார்த்தார்கள். நோயாளிகளின் நேர்காணல்களைப் படம்பிடித்து, ஊழியர்களும் நோயாளிகளும் சேர்ந்து பார்த்து, எதை மாற்றுவது என்று சேர்ந்தே முடிவு செய்யும் முறை அது. ஒரு சிகிச்சைப் பிரிவை இப்படித் திருத்த முடிந்தால், ஒரு தேர்வின் பாடப்பரப்பைத் திருத்த முடியாது என்பதற்குக் காரணமில்லை.

நான்காவது மறுப்பு என் வாதத்துக்கே நெருக்கமானது: அதிகாரம் இல்லாதபோது அறிவால் என்ன பயன்? உண்மைதான், எந்தத் தேர்வும் வாரியத்தில் நாற்காலி தராது. ஆனால் ஒரு தொழில் தன் தரத்தில் கடமையாக எழுதிவைப்பதை மீறச் சொல்லும் முதலாளிக்கு விலை உண்டு. கணக்காளரின் கையொப்பத்துக்கு வலு வந்தது அப்படித்தான். சட்டமும் உடன்வரலாம். இங்கிலாந்தில் 2014 நவம்பர் முதல், தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வது தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமை. 2024 முதல் பல மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்த மார்த்தா விதி, நிலை மோசமாவதாகக் கவலைப்படும் குடும்பத்தினர் வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை நேரடியாக அழைக்க வழிசெய்கிறது. குடும்பத்தின் கவலையைச் சான்றாகச் சுகாதார சேவையே ஏற்கத் தொடங்கியிருக்கும்போது, தொழிலின் தரம் பின்தங்கலாகாது.

8. மாற வேண்டியவை

இவற்றிலிருந்து நான்கு மாற்றங்கள் பெறப்படுகின்றன. ஒன்று, எழுதுவோர்: பணிப் பகுப்பாய்வில் நோயாளிகளும், தீங்குக்கு ஆளான குடும்பங்களும், சர்வேயால் விலக்கப்படும் பிரிவினரும் முடிவெடுக்கும் எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். இரண்டு, பாடம்: புகாரைச் சான்றாக வாசிப்பது தனிக் களமாக, அளவீட்டுக்குச் சமமான எடையோடு வர வேண்டும். மூன்று, சோதிக்கும் முறை: பலவிடைத் தேர்வோடு நில்லாமல், ஒரு புகார்க் கோப்பைப் படித்து வாரியத்துக்கு அறிக்கை எழுதச் செய்து மதிப்பிட வேண்டும்; மதிப்பிடுவோரில் நோயாளி ஒருவராவது இருக்க வேண்டும். நான்கு, ஒழுக்க நெறி: பாதுகாப்பை மீறும் செய்தியை மறைக்காமல் மேலே அனுப்புவது தொழிற்கடமை என்றும், அதற்காகப் பழிவாங்கப்படுபவரைச் சான்றளிக்கும் அமைப்பு ஆதரிக்கும் என்றும் எழுதப்பட வேண்டும்.

இந்தியச் சூழலுக்கும் இது தொலைவானதல்ல. மருத்துவமனைத் தரச்சான்று வாரியமான என்.ஏ.பி.எச். நோயாளி உரிமைக்கும் கல்விக்கும் தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் 17 உரிமைகளைக் கொண்ட நோயாளி சாசனத்தை முன்வைத்தது. நிறுவனத்துக்குத் தரம் வந்துவிட்டது. அதை நடத்தும் மனிதருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னும் எழுதப்படவில்லை. இதற்கு வெளிநாட்டை மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கிராமப் பின்னணியிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் ஆலோசகர்களாக நோயாளியோடு உட்கார்ந்து, அறுவை எப்படி நடக்கும், எந்த லென்ஸ், எவ்வளவு செலவு, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசுகிறார்கள். அதன் பயிற்சி நிறுவனமான லைக்கோ பிற மருத்துவமனைகளின் ஊழியர்களுக்கும் இதைக் கற்றுத்தருகிறது. நோயாளி கேட்கும் கேள்வியிலிருந்து ஒரு பணியையும் அதற்கான பயிற்சியையும் இங்கேயே கட்டமுடிந்திருக்கிறது. ஆலோசகர் கேட்டறிந்ததைச் சிகிச்சைத் தரத்துக்கான சான்றாகத் தொகுத்து மேலே அனுப்பும் கடமையையும் இதனோடு சேர்த்தால், இந்தியாவுக்கான தரத்தின் முதல் வரைவு கிடைத்துவிடும்.

பெரில் இன்ஸ்டிட்யூட்டும் அதன் சகோதர அமைப்பும் திறந்த பாதையை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வகுத்த நான்கு பரப்புகளில் முதலாவதாக எழுதப்பட்டிருப்பதே பங்கேற்பும் பரிந்துபேசலும்தான். அந்த வரிசையைத் தேர்வின் எடையிலும் கடமையிலும் மெய்யாக்குமாறு கேட்பதே இக்கட்டுரை. மருத்துவமனையின் மதிப்பெண்ணை உயர்த்தத் தெரிந்தவர்கள் இன்று போதிய அளவு இருக்கிறார்கள். மதிப்பெண் நன்றாக இருக்கும்போதும், கையிலுள்ள கடிதங்கள் வேறொன்று சொல்கின்றன என்று எழுந்து நின்று சொல்லக்கூடியவரை உருவாக்குகிறதா என்பதைக் கொண்டே இத்தொழிலின் தரத்தை இனி மதிப்பிட வேண்டும்.